சுதாராணி, தொண்ணூற்று மூன்று கிலோ

சுதாராணியின் எடை தொண்ணூற்று மூன்று கிலோ என்பது ஏற்காடு மலையில் வாழவந்தியிலும் அதைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளிலும் எல்லோருக்கும் தெரியும். அவள் யாரிடமும் சொன்னதில்லை. நான்கு வருடங்களுக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. எடை பார்க்க ஒருவர், அதை எழுத ஒருவர். இரண்டு மேஜைக்கும் நடுவில் பதினைந்தடி தூரம். முன்னவர் எண்ணைக் கத்திச் சொன்னார். பின்னவருக்குச் சரியாகக் கேட்காததால் இன்னொரு முறை கத்தினார். வரிசையில் எண்பது பேர் நின்றார்கள். மற்ற எழுபத்தொன்பது பேருடைய எடையும் அன்று மத்தியானமே எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

அன்று அவளுக்கு வயது முப்பத்தேழு. சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. பிரஷர் பார்த்தார்கள், அதுவும் சரியாக இருந்தது. பார்த்தவருக்கு நம்பிக்கை வரவில்லை. இயந்திரத்தைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். மறுபடியும் சரியாகவே இருந்தது. "இப்ப இல்லாட்டி என்ன, பின்னால வரும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

சுதாராணி காபி எஸ்டேட்டில் வேலை செய்பவள். அவளுடைய தாத்தா காலத்தில் ஆத்தூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். ஒரு எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் பிறந்து, பக்கத்து எஸ்டேட்டின் லைன் வீட்டுக்குக் கல்யாணமாகிப் போனாள். புருஷன் கார்த்தி அங்கேயே டிராக்டர் ஓட்டுகிறான். அவன் ஐம்பத்திரண்டு கிலோ. அவளைவிட ஒரு மடங்கு அதிகமாகச் சாப்பிடுவான். களி உருண்டை மூன்று உள்ளே போனாலும் வயிறு முதுகோடு ஒட்டியே இருக்கும். விருந்துக்குப் போன இடத்தில் அவன் இலைக்கு மட்டும் இரண்டாம் முறை சோறு வரும். அவளிடம் வந்ததும் பரிமாறுகிறவர் கொஞ்சம் யோசிப்பார்.

சின்ன வயதிலிருந்தே அவள் பெரிய உடம்புக்காரி. அவளுடைய அம்மா அப்படி, அம்மாவின் அக்கா தங்கைகள் அப்படி. அவர்கள் எல்லோரும் வரிசையாக நிற்கும் ஒரு கல்யாணப் போட்டோ வீட்டில் இருக்கிறது. அதில் மாப்பிள்ளையின் பாதி முகம்தான் தெரியும்.

இளைப்பதற்கு அவள் செய்யாதது இல்லை. கொள்ளு ரசம் குடித்தாள். வெறும் வயிற்றில் தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீர் குடித்தாள். வாழைத்தண்டுச் சாறு ஒரு மண்டலம் குடித்தாள். குப்பனூரில் இருக்கும் நாத்தனார் ராணி ஒரு முறை, தான் விற்கும் மாவில் ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தாள். காலையும் ராத்திரியும் சோற்றுக்குப் பதிலாக அதைக் கரைத்துக் குடிக்க வேண்டும். மூன்று வாரத்தில் ஐந்து கிலோ இறங்கியது. நான்காவது வாரம் டப்பா தீர்ந்தது. இரண்டு மாதத்தில் ஆறு கிலோ ஏறியது. "மாவுல குத்தமில்ல. உன்ற உடம்புக்குத்தான் நன்றியே இல்ல" என்றாள் ராணி.

ஏற்காடு டவுனில் ஒரு கிளினிக் இருந்தது. எதுவானாலும் எஸ்டேட்காரர்கள் அங்கேதான் போவார்கள். காதுவலி என்று சுதாராணி போனபோது, எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். காலில் முள் ஏறியதென்று போனபோதும் அதையே சொன்னார்.

"முள்ளுக்கும் எடைக்கும் என்னுங்க சம்பந்தம்?" என்று அன்று கேட்டுவிட்டாள்.

"வெயிட் அதிகமா இருந்தா முள்ளு ஆழமாத்தானே எறங்கும்?" என்றார் டாக்டர். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரியாகத்தான் பட்டது. அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு, மழைக்காலத்தில், அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. எஸ்டேட்டின் கிழக்குச் சரிவை அவள் பத்து வருடமாக ஒரே மூச்சில் ஏறியவள். இப்போது பாதியில் சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பிறகு கால்பங்கு தூரத்திலேயே நின்றாள். அவளோடு காபிப் பழம் பறிக்கும் அம்மணி, "ஏம்புள்ள, மரத்துக்கிட்ட ரகசியம் பேசறயா?" என்று கேட்டாள். மாதவிலக்கு வந்தால் எட்டு நாள், பத்து நாள் நிற்காமல் போனது. துணியை மாற்ற மறைவிடம் தேடி, பறிப்பை விட்டுவிட்டு ஒரு நாளைக்கு நாலு தடவை போனாள்.

ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளினிக்குக்குப் போனாள். "மூச்சு வாங்குதுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்ததைச் சொல்லக் கூச்சப்பட்டு நின்றாள். அவள் கூச்சத்தை விடுவதற்குள் டாக்டர் எழுதி முடித்துவிட்டார். சீட்டில் ஒரு சத்து மாத்திரையும், அதற்குக் கீழே கோடு போட்டு 'எடை குறைக்கவும்' என்றும் இருந்தது. சத்து மாத்திரை வயிற்றைப் பிரட்டியதால் மூன்றாம் நாள் நிறுத்திவிட்டாள். கோடு போட்டதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

இந்த முறை டப்பா, கஷாயம் எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிடுவது என்று வைத்தாள். அதுவும் ஒரு கரண்டிச் சோறு, மேலே ரசம். காலையில் பால் இல்லாத வரக்காபி. கார்த்தி நான்காம் நாள் கவனித்தான்.

"என்ன, எனக்கு மட்டும் போடற? நீ சாப்பிடல?"

"பசிக்கலீங்க."

பசித்தது. தட்டில் இருந்த கருவாட்டைப் பார்க்காமலிருக்க அடுப்பங்கரைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வருடத்து அமாவாசை, பௌர்ணமி, முகூர்த்த நாள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆயிற்று.

ஐந்து மாதத்தில் பதினோரு கிலோ குறைந்தது. பாராட்டு குவிந்தது. பஸ்ஸில் கண்டக்டர் சொன்னார். டீக்கடைக்காரர் சொன்னார். வருடக்கணக்காக அவளோடு பேசாத சம்பந்தி முறைக்காரி ஒருத்தி சண்டையை மறந்துவிட்டு வந்து சொன்னாள். முகம் வெளுத்திருந்ததை, "கலரா ஆயிட்டீங்க" என்றார்கள். கண்ணுக்குக் கீழே குழி விழுந்ததை, "மூஞ்சி எடுப்பா இருக்குது" என்றார்கள். ராணி குப்பனூரிலிருந்து வந்து அவளைத் தன் மொபைலில் மூன்று பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். மாவு விற்பதற்கு அது உதவும் என்றாள். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி காலேஜ் முதல் வருடம் படித்த மகள் சக்தி, வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அம்மா, சூப்பரா இருக்கற" என்றாள். சக்தியும் அம்மாவைப் போலவே பெரிய உடம்புக்காரி.

வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லோருக்கும் அவளைப் பிடித்திருந்தது. சரிவில் இப்போது பத்தடிக்கு ஒருமுறை நின்றாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பரில், பறிப்பு மும்முரமாக நடந்த ஒரு காலையில், இடுப்பில் கட்டிய பையில் பாதிப் பழத்தோடு சுதாராணி மயங்கி விழுந்தாள். கிழக்குச் சரிவு செங்குத்தானது. இரண்டு வரிசைச் செடிகளைத் தாண்டி உருண்டு, மூன்றாவது வரிசையில் ஒரு வயதான காபிச் செடியில் தட்டி நின்றாள். அம்மணி போட்ட சத்தத்தில் பக்கத்து எஸ்டேட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கினார்கள். "நல்லவேளை, எளைச்சிருக்குது" என்று அதில் ஒருவர் சொன்னது, அவளுக்கு அரைமயக்கத்தில் கேட்டது.

கார்த்தி டிராக்டரை வழியிலேயே விட்டுவிட்டு வந்தான். ஜீப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே ஒரு பெண் டாக்டர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. யாரோ துரத்துவதுபோலவே நடந்தார். சுதாராணியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். "பீரியட்ஸ் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. சுதாராணி சொல்ல ஆரம்பித்தாள். ஆரம்பித்ததும் நிற்கவில்லை. ஒன்றரை வருடத்துக் கதை முழுவதும் வந்தது. பக்கத்தில் நின்ற கார்த்தி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தான்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஐந்தரை இருந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டும் என்றார்கள். ஸ்கேன் பார்த்தார்கள். கர்ப்பப்பையில் மூன்று கட்டிகள். பெரியது ஆரஞ்சுப் பழம் அளவு. புற்று இல்லை, சாதாரணக் கட்டிதான், ஆனால் அதனால்தான் இவ்வளவு போக்கு, அதனால்தான் மூச்சு வாங்குகிறது, போதாக்குறைக்குச் சாப்பாட்டையும் நிறுத்தினால் விழாமல் என்ன செய்வாய் என்றார்கள். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஒரு மாதம் கழித்து, உடம்பு தாங்கும் என்றான பிறகு, கர்ப்பப்பையை எடுத்தார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அந்தப் பெண் டாக்டர் வந்து மாத்திரைகளைச் சொன்னார். கனம் தூக்கக் கூடாது, இரண்டு மாதம் வேலைக்குப் போகக் கூடாது என்றார். கிளம்பப் போனார். சுதாராணிக்கு ஏதோ விட்டுப்போனதுபோல இருந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, எடையப் பத்தி நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்களே?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "வெளிய நாப்பது பேர் நிக்கறாங்க. உங்களுக்கு ரத்தம் இல்ல, அத ஏத்தணும். மூணு வேளையும் நல்லா சாப்பிடுங்க. கீரை, முட்டை, ஈரல். நடங்க. தூங்குங்க. மூணு மாசம் கழிச்சு ரத்தத்த டெஸ்ட் பண்ணிட்டு வாங்க."

"வெயிட்டு பாத்துட்டு வரோணுங்களா?"

"எனக்கு வேண்டியது ரத்தத்தோட நம்பர்தான்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சுதாராணி வெகுநேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் எடையைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். முருங்கைக் கீரையைக் கார்த்தியே பறித்து உருவிக் கொடுத்தான். வாரத்துக்கு ஒரு நாள் ஈரல் வாங்கிவந்தான். அவனுக்கு ஈரல் வாசம் ஆகாது. அவள் சாப்பிடும்போது வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்வான். இரண்டாவது மாதம் லைனைச் சுற்றி நடந்தாள். மூன்றாவது மாதம் ரோடு வரைக்கும். நான்காவது மாதம் கிழக்குச் சரிவில் நின்றது ஒரே ஒரு இடத்தில். ஹீமோகுளோபின் பதினொன்றரை வந்தது. எடை தொண்ணூற்று மூன்றுக்குத் திரும்பி வந்து அங்கேயே நின்றுகொண்டது.

ஊர் வருத்தப்பட்டது. ஆபரேஷனுக்கு விசாரிக்க வராதவர்கள்கூட இதற்கு வந்தார்கள். ராணி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, வாசலில் அவளைப் பார்த்ததும் கண் கலங்கினாள்.

"அத்தனையும் வீணாப் போச்சே சுதா. எப்படி இருந்த நீ!"

"எப்படி இருந்தனுங்க? சாகக் கெடந்தன்."

"அது சரி, ஆனா போட்டோவுல எவ்வளவு நல்லா இருந்துச்சு. நான் இன்னமும் அதத்தான் ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கறன்."

"அத எடுத்துருங்க அண்ணி."

"எதுக்கு? ஆர்டர் வருதே."

"அதுல இருக்கறது நோவு வந்த உடம்புங்க. மாவு தின்ன உடம்பில்ல. கேக்கறவங்ககிட்ட நானே சொல்லிப்போடுவன்."

அவள் ராணியிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. ராணி ஆப்பிளைக் கொடுத்துவிட்டு ஹார்லிக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். போட்டோ சாயங்காலமே போய்விட்டது. ஆறு மாதம் பேச்சு இல்லை. கார்த்திக்கு அந்த ஆறு மாதமும் நிம்மதியாக இருந்தது.

மாதத்துக்கு ஒருமுறை நர்ஸ் காமாட்சி லைனுக்கு வருவார். அங்கன்வாடி வாசலில் நாற்காலி போட்டு, பிரஷர், சர்க்கரை பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு போவார். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகச் சுதாராணி அங்கே போனாள். காமாட்சி தரையில் இருந்த எடை மிஷினைக் காட்டினார்.

"ஏறி நில்லுங்க."

"வேண்டாமுங்க மேடம். மத்ததெல்லாம் பாருங்க."

"அது எப்படிங்க? நோட்டுல கட்டம் இருக்குது. கட்டத்த காலியா உட்டா மேல கேப்பாங்க."

"எனக்குத் தெரிய வேண்டாமுங்க. தெரிஞ்சா நான் ராத்திரிச் சோத்த உட்டுருவன். என்னையப் பத்தி எனக்குத் தெரியும்."

காமாட்சி யோசித்தார். பதினெட்டு வருட சர்வீஸில் அவர் இந்த மாதிரிப் பிரச்சினையைப் பார்த்ததில்லை. கட்டம் அவருக்கு முக்கியம். சோறு இவளுக்கு முக்கியம். கடைசியில், "அப்ப ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பக்கம் திரும்பி நின்னு ஏறுங்க. நான் பாத்து எழுதிக்கறன். வாயத் தொறக்க மாட்டன்" என்றார்.

சுதாராணி எடை மிஷினுக்கு முதுகைக் காட்டி ஏறினாள். எதிரே அங்கன்வாடிச் சுவரில் அ அம்மா, ஆ ஆடு என்று படம் வரைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காமாட்சி எழுதினார். வாயைத் திறக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற அம்மணி எட்டிப் பார்க்க முயன்றதற்கு மட்டும் ஒரு அதட்டல் போட்டார்.

அடுத்து அம்மணியின் முறை. அவள் நாற்பத்தொரு கிலோ. எலும்பும் தோலுமாக இருக்கிறாய், ஏதாவது தின்னு என்று ஊர் சொல்வதைப் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவள். அவளும் சுவரைப் பார்த்து ஏறினாள். அடுத்த மாதம் ஐந்து பேர் திரும்பி நின்றார்கள். பெயிண்ட் உரிந்து ஆடு பாதி காணாமல் போயிருப்பதை அப்போதுதான் எல்லோரும் கவனித்து அங்கன்வாடி டீச்சரிடம் சொன்னார்கள்.

ஆனால் சக்தி விஷயம் அப்படிச் சுலபமாக முடியவில்லை.

ஆறாவது மாதச் சோதனைக்குச் சேலம் போன அன்று, சுதாராணி மகளைப் பார்க்க ஹாஸ்டலுக்குப் போனாள். கேட்டில் வந்து நின்றவளை ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. சுடிதார் தோளில் தொங்கியது. முடி பாதியாகக் கொட்டியிருந்தது. ஆபரேஷனுக்கு லீவில் வந்தபோதே பெண் கொஞ்சம் வாடியிருந்தாள். அம்மாவுக்கு இப்படி ஆயிற்றே என்ற கவலையில் வாடிவிட்டாள் என்று அன்றைக்குச் சுதாராணி நினைத்துக்கொண்டாள். அதன்பிறகு கோடை லீவுக்கும் படிப்பு இருக்கிறதென்று சக்தி மலையேறி வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கினாள். இரண்டு தட்டு வடைக்கு நடுவில் பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் வைத்துத் தருவது. சக்திக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். ஒரு தட்டை அவளிடம் நீட்டினாள். சக்தி வாங்கவில்லை. மொபைலை எடுத்து எதையோ பார்த்தாள்.

"ஒரு செட்டு எத்தன கலோரின்னு இதுல இல்லம்மா."

"என்ன கண்ணு அது?"

"திங்கறத எழுதி வெக்கற ஆப்பு. காலைல ஒரு இட்லி சாப்பிட்டன். அதுக்கே பாதி போயிருச்சு."

"எத்தன நாளா இது?"

"நீ ஆரம்பிச்சப்பத்தான். நீ ஒரு வேள சாப்பிட்டு எளைச்ச இல்ல? நானும் அதத்தான் செய்யறன்."

சுதாராணி நீட்டிய தட்டை இறக்கினாள். வண்டிக்காரர் அடுத்த செட்டைத் தயார் செய்துகொண்டு இவர்கள் முகத்தைப் பார்த்தார்.

"நான் மயங்கி உளுந்தனே சாமி."

"உனக்குக் கட்டி இருந்துச்சு, அதனால உளுந்த. எனக்குத்தான் ஒண்ணுமில்லையே. ராணி அத்தகூடச் சொன்னாங்க, ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்பகூட உங்கம்மா அழகா இருந்தான்னு."

சுதாராணி, கார்த்தியிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"அன்னைக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு பாரு, அப்ப எனக்கு என்ன நெனப்பு வந்துச்சு தெரியுமா? நீ நெனப்பு வரல. உங்கப்பன் நெனப்பு வரல. 'அப்பாடா, இன்னைக்கு மத்தியானச் சோறு திங்க வேண்டியதில்ல'ன்னு நெனச்சன். சந்தோஷமா இருந்துச்சு. உருண்டு போறன், சந்தோஷமாப் போறன்."

சக்தி அவளைப் பார்த்தாள்.

"அத நெனச்சா இப்பவும் எனக்கு நொம்ப பயமா இருக்குது கண்ணு. கட்டிய நெனச்சுக்கூட அத்தன பயமில்ல."

பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் நாமக்கல், நாமக்கல் என்று கத்திக்கொண்டிருந்தார். சுதாராணி தன் தட்டிலிருந்த ஒரு செட்டை வாயில் போட்டாள். நாலு பேர் பார்க்கப் பொது இடத்தில் நின்று அவள் பலகாரம் தின்று பல வருடம் ஆகியிருந்தது. சத்தமாக நொறுங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொன்றும் போட்டாள்.

சக்தி அன்றைக்கு ஒரே ஒரு செட் தின்றாள். அதற்கே கண்ணில் தண்ணீர் வந்தது. சட்னி காரம் என்றாள். சுதாராணி அவளை அப்படியே அந்தப் பெண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் எடுக்கச் சொல்லி, கூடவே மனநல டாக்டருக்கும் ஒரு சீட்டு எழுதினார். அந்தப் பெயரைக் கேட்டதும் போனின் அந்தப் பக்கம் கார்த்தி டிராக்டரை நிறுத்தினான். பிறகு, "பஸ்ஸுக்குச் சில்லறை இருக்குதா?" என்று மட்டும் கேட்டான்.

சக்தி அந்த ஆப்பை ஆகஸ்டில் அழித்தாள். செப்டம்பரில் மறுபடி போட்டாள். தீபாவளிக்கு அழித்து, பொங்கலுக்குப் போட்டு, மறுபடி அழித்தாள். சனிக்கிழமைதோறும் சுதாராணி சேலத்துக்கு இறங்கிப் போய் அவளோடு ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வந்தாள். எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்பதில்லை. எளைத்தாய், பெருத்தாய் என்று எதுவும் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று கார்த்திக்கும் உத்தரவு. அவன் அதற்குப் பயந்து, மகள் லீவில் வரும்போதெல்லாம் மழையைப் பற்றியே பேசினான். இப்போது முடி கொட்டுவது நின்றிருக்கிறது. மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். சில நாள் இரண்டு வேளைதான். அந்த நாட்களில் அவளே அம்மாவுக்குப் போன் செய்துவிடுகிறாள்.

போன வருடக் கடைசியில் எஸ்டேட்டில் மேஸ்திரி வேலை காலியானது. ஆட்களைப் பிரித்து விடுவது, சரிவு சரிவாகப் போய் வேலையைப் பார்ப்பது, பழுக்காததைப் பறிக்காமல் பார்த்துக்கொள்வது. ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது எஸ்டேட்டைச் சுற்ற வேண்டும். சுதாராணி அந்த வேலையைத் தனக்குக் கேட்டாள். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் ரைட்டர் ஜீவானந்தம் நல்ல மனிதர். முகத்துக்கு நேராக எதையும் சொல்ல மாட்டார். சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உங்களுக்கு வேல தெரியும், இல்லீன்னு சொல்லல. ஆனா நடக்கற வேலைங்க. இந்த உடம்ப வெச்சுக்கிட்டு..."

"இந்த உடம்ப வெச்சுக்கிட்டுத்தானுங்க இருபது வருசமா பழம் பறிக்கறன். வேற உடம்பு வந்தா அப்பறம் பாத்துக்கலாம். நாளைக்கு ஒரு சுத்து என்றகூட வாங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். பனி விலகவில்லை. ரைட்டர் அறுபது கிலோ. பதினோரு வருடமாக ஆபீஸிலிருந்து காபிக் களத்துக்கும் களத்திலிருந்து ஆபீஸுக்கும் மட்டும் நடந்தவர். அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருந்தன. வடக்குச் சரிவு முடிவதற்குள் இரண்டு முறை செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து நின்றார். கிழக்குச் சரிவில் பாதியில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வேர்த்திருந்தது.

சுதாராணிக்கும் மூச்சு வாங்கியது. மேட்டில் ஏறினால் வாங்கும் அளவுக்கு வாங்கியது. தண்ணீர்ப் பாட்டிலை அவரிடம் கொடுத்தாள்.

"நீங்க மாத்திரை போட்டுட்டீங்களா?"

"சாப்பிடாம வந்துட்டனுங்க."

"சர்க்கரைக்காரங்க அப்படி வரலாமுங்களா?" என்று, தனக்குக் கட்டிவந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். இருவரும் சாப்பிட்டு முடிக்கும்வரை கீழே வேலை செய்தவர்கள் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், ரைட்டர் பாதியில் உட்கார்ந்துவிட்டார் என்று. அவர் மீதிச் சுற்றையும் வருவதாகச் சொன்னார். வேண்டாமென்று அவரை ரோட்டில் இறக்கி, வந்த டிராக்டரில் ஏற்றி அனுப்பினாள். ஓட்டியது கார்த்தி. ஆபீஸ் வரும்வரை அவன் ரைட்டரிடம் மழையைப் பற்றிப் பேசினான்.

வேலை அவளுக்குக் கிடைத்தது. அதன்பிறகு ரைட்டரும் வாரத்தில் மூன்று நாள், சாப்பிட்டுவிட்டு, வடக்குச் சரிவு வரை அவளோடு நடக்கிறார்.

மேஸ்திரிக்கு எஸ்டேட்டில் ஒரு விசிலும் ஒரு மழைக்கோட்டும் கொடுப்பார்கள். கோட்டு போட்டால் முன்பக்கம் பட்டன் ஒரு முழம் தள்ளி நின்றது. பெரிய அளவு உண்டா என்று ஸ்டோரில் கேட்டாள். இதுதான் பெரியது என்றார்கள். பழைய சுதாராணியாக இருந்தால் கோட்டு பத்தும்வரை சோற்றைக் குறைத்திருப்பாள். அவள் இன்னொரு கோட்டு கேட்டு எழுதிக் கொடுத்தாள். எதற்கு இரண்டு என்று ஸ்டோர்க்காரர் கேட்டதற்கு, "ஒண்ணு பத்தலீங்க" என்றாள். அவர் இன்னொன்றையும் எடுத்துக் கொடுத்தார்.

டவுனில் ராசாத்தி என்று ஒரு தையல்காரி. இரண்டு கோட்டையும் பக்கவாட்டில் பிரித்து, சேர்த்து, ஒன்றாகத் தைத்துக் கொடுத்தாள். தையல் வழியாகத் தண்ணீர் இறங்காமலிருக்க உள்ளே ஒரு பட்டியும் வைத்தாள். கோட்டு நன்றாகப் பொருந்தியது. நாலு பை இருந்தது. ஒன்றில் விசில், ஒன்றில் மொபைல், ஒன்றில் அட்டை கடித்தால் வைக்க உப்பு. நாலாவதில் பத்து மணிக்குச் சாப்பிட வேகவைத்த முட்டை இரண்டு வைத்துக்கொள்கிறாள்.